ஊத்துக்குளியும் கொங்குநாட்டு நீர்முறையும்

கொங்குமண்டலத்திலே, திருப்பூருக்குக் கிழக்கே, பவானியாற்றுக்கும் நொய்யலுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் அமைந்தது ஊத்துக்குளி. ஆங்குள்ள கதித்தமலையில் அகத்திய முனிவர் முருகப்பெருமானை வழிபடப் போந்தகாலை, பூசனைக்கு நீர் காணாது வருந்த, பெருமான் வேலாற் குத்தி ஊற்றெடுப்பித்தருளினர் என்பது தலவரலாறு. அவ்வூற்றுக்குழியே ஊர்ப்பெயராகிப் பின்னர் ஊத்துக்குளி என மருவிற்றென்ப. வெண்ணெய்க்கும் நெய்க்கும் பேர்போன இவ்வூர், நீருக்கு மாத்திரம் வானத்தையும் கிணற்றையுமே நோக்கியிருந்தது. ஆறுகள் பள்ளத்திலும் ஊர் மேட்டிலும் இருப்பின் வேறென் செய்வது?

கொங்குநாட்டு நீர்ப்பணிகளுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது காலிங்கராயன் வாய்க்கால். திருஞானசம்பந்த சுவாமிகள் பாடியருளிய திருநணாவாகிய பவானியில், பவானியாறு காவிரியொடு கூடுமிடத்தை அடுத்து அணை கட்டி, 13 ஆம் நூற்றாண்டிலே காலிங்கராயன் என்னுந் தலைவன் இதனை வெட்டுவித்தான். ஏறக்குறைய 56 மைல் நீளமுடைய இவ்வாய்க்கால் ஈரோட்டு வழியே கொடுமுடிப் பக்கஞ் சென்று நொய்யலை அணைகிறது. நேரே செல்லின் இதன் நீளம் மிகக் குறையும். நாகம் ஒன்று முன்னே ஊர்ந்து வழிகாட்ட, அவ்வழியே வெட்டினமையால் இது வளைந்து வளைந்து செல்கின்றது என்பர். அக்கதையை எள்ளி நகைப்பார் நிலத்தின் மட்டத்தை ஒருமுறை அளந்து பார்ப்பாராக. மேடு பள்ளம் நோக்கி, வாட்டஞ் சிறிதாக வைத்து, நீர் கரையை அரியாது மெல்லச் செல்லவும், இருபுறத்துக் கிணறுகளிற் கசிந்து ஊறவும் அமைத்த நுட்பத்தையே முன்னோர் நாகத்தின்மேல் ஏற்றிக் கூறினர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

தன் குடிக்கு ஆக்கந் தேடவே வாய்க்கால் வெட்டினான் என்று ஊரார் பழி கூறினர். அதுகேட்ட காலிங்கராயன், தானும் தன் வழியினரும் அந்நீரைத் தொடுவதில்லை எனச் சூளுற்று, ஊரை விட்டே நீங்கி ஊத்துக்குளியிற் குடியேறினான் என வழங்குவர். ஈண்டொரு மயக்கம் நீக்கற்பாலது. அவன் சென்றது பொள்ளாச்சியை அடுத்த ஊத்துக்குளி; அங்கிருந்த சமீன்தார்கள் காலிங்கராயர் என்னும் பட்டம் பூண்டவர். கதித்தமலை ஊத்துக்குளி வேறு. பெயரொன்றானமையின் இரண்டினையும் ஒன்றாக்கி எழுதுதல் பிழையாம்.

பிற்காலத்து எழுந்தது கீழ்பவானித் திட்டம். 1948 இல் தொடங்கி 1955 இல் முடிந்த பவானிசாகர் அணையினின்றும் 200 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் போந்து, 2,07,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகின்றது. இத்துணை நிலத்துக்கும் ஒருங்கே நெல்லுக்கு நீர் விடல் அரிது. ஆதலின் நிலத்தை இருகூறாக்கி, மதகுகளை ஒற்றைப்படை இரட்டைப்படை எனப் பிரித்து, ஒரு பருவத்து ஒருகூற்றுக்கு நன்செய்க்கும், மறுபருவத்து மறுகூற்றுக்குப் புன்செய்க்கும் விடும் முறை வகுத்தனர். முறை தவறின் கடைமடையான் வயலே முதலிற் காயும். இக்கால்வாய்க்குச் சிமிட்டிக் கரை கட்டுவதிற் பெரும்பிணக்கு எழுந்தது. கசிவு வீணாகின்றது என்றனர் ஒருசாரார். அக்கசிவே எம் கிணற்று ஊற்று என்றனர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் மெய்யே. ஆயினும், காலிங்கராயன் வாய்க்காலை நோக்குவார்க்குப் பின்னையோர் வழக்கே வலிதெனத் தோன்றும்.

தெற்கே நொய்யலின் கதை துயரமானது. 1992 இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையிலே, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கியது. அணை நிறைந்தும் அந்நீரை வயலுக்கு விடலாகாமற் போயிற்று. கழிவுநீரை ஆற்றில் ஒருதுளியும் விடாமை வேண்டும் என்னும் ஆணையைப் பட்டறையார் நிறைவேற்றாமையால், 2011 இல் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை மூடுமாறு கட்டளையிட்டது. தேக்கிவைத்தல் மாத்திரம் நீர்காத்தலன்று என்பதற்கு இவ்வணையினும் சான்று வேண்டுமோ?

மேட்டுநிலத்தார் அறுபது ஆண்டுகட்கு மேலாக வேண்டிநின்றது அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். முதலை விழுங்கிய மதலையைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் குளத்தினின்று மீட்டருளிய தலத்தின் பெயரைத் தாங்கிய இது, 2019 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2024 ஆகஸ்டு 17 இல் தொடங்கிற்று. காலிங்கராயன் அணைக்கட்டின் கீழே வழிந்தோடும் உபரிநீரை, ஆறு நீரேற்று நிலையங்களால் மேலேற்றிக் குழாய்வழியே 1,045 குளங் குட்டைகட்குச் சேர்ப்பது திட்டம். ஊத்துக்குளி வட்டமும் இதனுட்பட்டது. நொடிக்கு 250 கனஅடியாக எழுபது நாள், மொத்தம் 1.5 டி.எம்.சி. எடுக்கலாம் என்பது வரையறை. எனினும் எடுப்பது உபரியே. பழைய வாய்க்காலின் உரிமை முந்தியது. அணைமேல் வழியாத ஆண்டில் எந்திரம் ஓடாது. நீர்வரும் குழாயைக் காப்பதோடு, மழைநீர் வரும் பழைய பள்ளங்களையும் ஓடைகளையும் தூர்வாரி வைத்துள்ள ஊரின் குட்டையே அவ்வாண்டும் நனையும்.