யார் உடம்பில் பழகுவது?

சமையல் பழகுகிறவர் முதல் நாள் சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டால், ஒருவேளைச் சாப்பாடு போச்சு. அவ்வளவுதான். கேஷுவாலிட்டியில் முதல் நாள் டியூட்டி பார்க்கும் பயிற்சி டாக்டரின் கை தடுமாறினால்? ஓர் உயிரே போகலாம்!

நீச்சல் மாதிரிதான் வைத்தியமும். எத்தனை புத்தகம் படித்தாலும் கை பழகியாக வேண்டும். யார் உடம்பில்?

அமெரிக்க எமர்ஜென்சி வார்டுகளில் ஒரு சங்கடமான வழக்கம் நெடுநாள் இருந்தது. நோயாளி இறந்ததும் திரையை இழுத்து மூடிவிட்டு, அந்த உடம்பில் பயிற்சி டாக்டர்கள் மூச்சுக்குழாய்க்குள் டியூப் செருகிப் பழகுவார்கள். வெளியே அழுதுகொண்டிருக்கும் சொந்தக்காரர்களிடம் பெரும்பாலும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 'அனுமதி வாங்காமல் தொடக்கூடாது' என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் சொன்னது 2000-களின் தொடக்கத்தில்தான்.

உயிரோடிருப்பவர்களே தங்கள் உடம்பைக் கொடுத்த கதையும் உண்டு. 1950-களின் கடைசி. பால்டிமோர் நகரில் பீட்டர் சாஃபர் என்ற மயக்க மருந்து நிபுணர், மூச்சு நின்றவரின் வாயில் வாய் வைத்து ஊதினால் பிழைக்க வைக்கலாம் என்று நிரூபிக்க நினைத்தார். டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் தாங்களாகவே வந்து படுத்தார்கள். மருந்து கொடுத்து அவர்களுடைய மூச்சை நிறுத்தினார். மருத்துவமே தெரியாத சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு ஊதச் சொன்னார். பலித்தது! 1958-ல் முடிவுகள் வெளியாயின. சரி, ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுக்க, தினம் ஒருத்தர் மூச்சை நிறுத்த முடியுமா?

விடை, நார்வேயில் ஒரு பொம்மைக் கம்பெனியிலிருந்து வந்தது. ஸ்டாவாங்கர் நகரத்து ஆஸ்முண்ட் லேர்டால் மென்மையான பிளாஸ்டிக்கில் பொம்மைகள் செய்கிறவர். தண்ணீரில் மூழ்கி மூச்சுத் திணறிய தன் மகனைத் தானே காப்பாற்றிய தகப்பன். நார்வே டாக்டர் பியோர்ன் லிண்ட் விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் வேலையில் இறங்கிவிட்டார். 1960-ல் ஆளுயரப் பொம்மை தயார். பெயர், ரெசஸி ஆனி.

அதே வருடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், நெஞ்சை அழுத்தியே நின்றுபோன இதயத்துக்கு வேலை கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். சாஃபரின் யோசனைப்படி ஆனியின் நெஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங் ஏறியது.

அவளுக்கு முகம் கொடுத்தவள் வேறொருத்தி. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் செய்ன் நதியில் மிதந்து வந்த பெயர் தெரியாத பெண். பிணவறையில் அவள் முகத்தை அச்செடுத்தார்களாம். கதை நிஜமோ, கட்டுக்கதையோ, அந்த முகமூடி ஐரோப்பிய வீட்டுச் சுவர்களில் அலங்காரமாகத் தொங்கியது. லேர்டால் அதைத்தான் எடுத்துக்கொண்டார். சாந்தமான முகம். பழகுகிறவருக்குப் பயம் வராது.

பொம்மை எல்லாவற்றையும் கற்றுத்தராது. அதற்கு விலா எலும்பு முறியாது, வாந்தி வராது, பக்கத்தில் நின்று கதற மனைவி கிடையாது. அதெல்லாம் வார்டில்தான். ஆனால் நெஞ்சை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும் என்பதைக் கை முன்கூட்டியே பழகியிருக்கும். தப்புகளையெல்லாம் ஆனி வாங்கிக்கொண்டிருப்பாள்.

அவளை எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகவிடலாம். அதற்காகத்தானே அவளைச் செய்தார்கள்!