துணைநிலை ஆளுநரின் உடலும் கார்ச் சாவியும்: ஒரு நம்பிக்கையின் முன்வரலாறு

செகந்திராபாத்தின் வடகிழக்கில் உள்ள சைனிக்புரி, முன்னாள் படைவீரர்களுக்கான கூட்டுறவுக் குடியிருப்பாக உருவான பகுதி. அதையடுத்து, 1967இல் நிறுவப்பட்ட இந்திய மின்னணுவியல் கழகம் (இசிஐஎல்) இருக்கிறது. அந்நிறுவனத்தை உருவாக்கிய அணு அறிவியலாளர் ஏ.எஸ். ராவின் பெயரால் அருகிலேயே ஒரு நகர்ப்பகுதியும் உண்டு. வானொலிக் கருவிகளோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் மிகுந்த இடம் இது. இங்கும், உலகின் பிற கார் நிறுத்தங்களில் போலவே, வண்டி திறக்காதபோது ரிமோட் சாவியை முகவாய்க்கட்டையின் கீழோ நெற்றிப்பொட்டிலோ வைத்து அழுத்தும் வழக்கம் உண்டு. பார்ப்பவர் சிரிக்கலாம். வண்டி பல நேரங்களில் திறந்துகொள்ளவும் செய்கிறது.

மனித உடல் ஒரு ரிமோட்டின் எட்டும் தொலைவை நீட்டுமா என்ற வினா இயற்பியல் வகுப்புக்கு உரியதாகத் தோன்றினாலும், அதற்கு ஒரு வரலாறும் உண்டு. இசிஐஎல் தயாரித்த ‘ஈசி டிவி’ வீடுகளில் இருந்த காலத்தை நினைவுகொள்பவர்கள் அதன் ஒரு பகுதியை அறிவர். ஆன்டெனாவைத் திருப்பச் சென்றவர் அதைப் பிடித்திருக்கும்வரை படம் தெளிவாக இருக்கும். கையை எடுத்ததும் திரையில் புள்ளிமழை பெய்யும். அது பிரமையன்று. தூர்தர்ஷனின் தாழ் அலைவரிசைகள் 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரையிலானவை. நிற்கும் மனித உடல், தன் உயரத்தின் காரணமாக, ஏறத்தாழ 70 மெகாஹெர்ட்ஸ் அருகில்தான் வானொலி அலைகளை மிகுதியாக ஏற்கிறது. ஆன்டெனாவைப் பிடித்தவர் தாமே ஆன்டெனாவின் ஒரு பகுதியானார்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தைத் தேடினால் கல்கத்தா நகர மண்டபத்துக்குச் செல்ல வேண்டும். அங்கு ஜகதீச சந்திர போஸ் நிகழ்த்திய செயல்விளக்கம் அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. ஓரிடத்தில் எழுப்பப்பட்ட மின்காந்த அலைகள் துணைநிலை ஆளுநர் மெக்கன்சியின் பருத்த உடலையும் இடைப்பட்ட சுவர்களையும் கடந்து அப்பால் வெடிமருந்தை வெடிக்கவைத்தன என்பது அதன் சாரம். கம்பியின்றித் தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்கிய அச்செயலை, இன்றைய சொல்லில், ரிமோட் கட்டுப்பாடு என்றே கூற வேண்டும். நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் தம் ரிமோட் படகைக் காட்டியது 1898இல்தான்.

இக்காட்சியில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, ஆளையும் ஆண்டையும் பற்றியது. பல நூல்கள் ஆளுநரை வில்லியம் மெக்கன்சி என்கின்றன. வங்காளத் துணைநிலை ஆளுநர்களின் வரிசையில் இருப்பவரோ அலெக்சாண்டர் மெக்கன்சி. அவர் பதவியேற்றது 1895 டிசம்பரில். அதுவரை அப்பதவியில் இருந்தவர் சார்லஸ் எலியட். எனவே நிகழ்வை 1894 நவம்பருக்குக் கொண்டுசெல்லும் நூல்கள் மெக்கன்சியைத் துணைநிலை ஆளுநராக அங்கே அமர்த்த இயலாது. ஆளுநர் அவர்தான் எனில், 1895 என்ற ஆண்டும் அதன் கடைசி நாள்களுக்கே பொருந்தும். யார் முதல்வர், மார்க்கோனியா போஸா என்று வாதிடுவோர் இந்த எளிய ஒப்பீட்டைப் பெரும்பாலும் செய்வதில்லை.

இரண்டாவது சிக்கல் இயற்பியல் சார்ந்தது, சுவையானதும் அதுவே. போஸின் தனிப்பெருமை மிகக் குறுகிய அலைகளை உண்டாக்கியதில் உள்ளது. அவர் கையாண்ட அலைநீளங்கள் 5 மில்லிமீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் வரை. 1897 ஜனவரி 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் ஆற்றிய உரையும் இத்தகைய அலைகளைப் பற்றியதே. ஆனால் அவை உடலை ஊடுருவா. நம் உடல் பெரும்பாலும் உப்புநீர். 5 மில்லிமீட்டர் அலை தோலில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடச் செல்லுமுன் அடங்கிவிடும். பருத்த உடல் ஒன்றை அது கடந்தது என்று எழுதும்போது, எழுதுபவர் அறியாமலே போஸின் இரு வேறு சாதனைகளை ஒன்றாக்கிவிடுகிறார்.

இதற்கு விடை பாட்ரிக் கெடிஸ் 1920இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலேயே இருக்கிறது. (மதராஸ் மாகாண ஊர்களைச் சுற்றிப்பார்த்து நகரத் திட்ட அறிக்கைகள் எழுதிய அதே கெடிஸ்தான்.) பிரசிடென்சி கல்லூரியில் 75 அடி தொலைவுக்கு அலைகளை அனுப்பியபோது, 20 அடிக் கம்பத்தின் உச்சியில் வட்டமான உலோகத் தகட்டைப் பொருத்தி அதை அலைபரப்பியோடு போஸ் இணைத்தார், ஏற்பியிலும் அவ்வாறே செய்தார். இத்தகைய நீண்ட கடத்தி இணைக்கப்பட்ட பொறி, மில்லிமீட்டர் அலைகளோடு நின்றுவிடாது. பன்மடங்கு நீண்ட அலைகளையும் பரப்பும். நீண்ட அலைகளுக்கு ஓர் ஆளின் உடல் பெருந்தடையன்று. அவை வளைந்து சுற்றிச் செல்லும், சுவர்களையும் கடக்கும். நகர மண்டபத்திலும் வெடிமருந்தைப் பற்றவைத்தவை இவ்வகை அலைகளாகவே இருந்திருக்க வேண்டும். அவை ஆளுநரின் ‘ஊடாக’ச் சென்றதைவிட அவரைச் சுற்றிச் சென்றிருக்கவே வாய்ப்பு மிகுதி. இதனால் போஸின் மதிப்பு குறையாது. அவர் ஆன்டெனாவின் பயனை உணர்ந்திருந்தார் என்பது, ‘உடலைத் துளைத்த அலை’ என்ற அலங்காரத்தைவிடப் பெரிய செய்தி.

உடலையே கருவியாக்கும் முயற்சியும் விரைவில் வந்தது. 1902இல் அமெரிக்கரான ஆர்ச்சி ஃப்ரெடெரிக் காலின்ஸ், இறந்த மனிதர் ஒருவரின் மூளையை வானொலி ஏற்பியாகப் பயன்படுத்திய சோதனையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நெற்றிப்பொட்டில் சாவியை வைத்தால் ‘மூளை மின்சாரம்’ உதவுகிறது என்று இன்றும் சொல்வோர், காலின்ஸை அறியாமலே அவருடைய வழியில் நிற்பவர்கள். மூளையின் சிந்தனைக்கு இதில் பங்கே இல்லை. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராஜர் பௌலி, தலைக்குப் பதிலாக நீர் நிறைந்த குடுவையை வைத்து இதே விளைவைக் காட்டினார். வேண்டியது நீரும் அதன் அளவுமே.

பொறியாளர்களுக்கு இது புதிதன்று. இடுப்பில் அணியும் பேஜர்களை வடிவமைத்தோர், உடலருகே கருவியின் திறன் மாறுவதைக் கணக்கில் கொண்டே வேலை செய்தனர். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர ஆவணங்களில் ‘உப்பு மனிதர்’ ஒருவரே இருக்கிறார்: ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட, உப்புநீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளை. உடலில் அணியும் கருவிகளை அதன்மீது பொருத்தி அளப்பர்.

இந்தியாவில் கார்ச் சாவிகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அலைநீளம் 69 சென்டிமீட்டர். அதன் கால்பங்கு 17 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு தலையின் அளவு. சாவிக்குள் உள்ள ஆன்டெனாவோ விரல்நுனி அளவு, திறன் குறைந்தது. தலையோடு ஒட்டி வைக்கும்போது சாவியின் மின்புலம் தலையிலுள்ள உப்புநீரின் மின்னூட்டங்களை ஆட்டுகிறது. அவை தம் பங்குக்கு அலைகளைப் பரப்புகின்றன. அதே உப்புநீர் ஆற்றலின் ஒரு பகுதியை விழுங்கவும் செய்கிறது. சாவியைப் பிடித்த திசை, வண்டி நிற்கும் திசை, இடையில் உடல் மறைக்கிறதா என்பவற்றைப் பொறுத்து ஆதாயம் நட்டமாகவும் மாறும். காற்சட்டைப் பைக்குள்ளிருந்து அழுத்துபவருக்கு உடல் பகை.

இன்னொன்றையும் கழித்துப் பார்க்க வேண்டும். சமதளத் திறந்தவெளியில், தரையில் பட்டு எதிரொளிக்கும் அலையைக் கணக்கில் கொண்டால், எட்டும் தொலைவு சாவியின் உயரத்தினுடைய வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமாகக் கூடும். இடுப்பளவில் 1 மீட்டர் உயரத்தில் இருந்த சாவி முகவாய்க்கு 1.5 மீட்டர் ஏறினால், தலையின் உதவி சிறிதும் இன்றியே தொலைவு ஏறத்தாழ 22 விழுக்காடு கூடும். கையைத் தலைக்குமேல் தூக்கினால் இன்னும் கூடும். ஆகவே, இடுப்பையும் முகவாயையும் ஒப்பிட்டுவிட்டு ‘தலை வேலை செய்கிறது’ என்று முடிவுகட்டுவது பிழையான சோதனை. முகவாயின் கீழும், அதே உயரத்தில் நீட்டிய கையிலும் ஒப்பிட வேண்டும். போஸின் 20 அடிக் கம்பம் செய்த வேலையின் ஒரு பகுதியும் இந்த உயர ஆதாயமே.

இந்நம்பிக்கை கார் ரிமோட்டோடு பிறந்ததும் அன்று. பிரான்சில் 1982இல் ரெனோ ஃபுயேகோ வண்டியில் வந்த ரிமோட், அதை உருவாக்கிய பால் லிப்ஷூட்ஸின் பெயரால் ‘பிளிப்’ எனப்பட்டது. அது அகச்சிவப்பு ஒளியில் இயங்கியது. தலை எவ்வகையிலும் உதவியிராது. சாவிகள் வானொலிக்கு மாறிய பிறகே முகவாய்க்கு வேலை வந்தது.

அஞ்சுவோருக்கு ஒரு சொல்: உரிமம் இன்றி இந்த அலைவரிசையில் இந்திய விதிகள் அனுமதிக்கும் உச்ச ஆற்றல் 10 மில்லிவாட், காதில் வைத்துப் பேசும் கைப்பேசியின் உச்ச ஆற்றல் இதைவிடப் பன்மடங்கு.

பொத்தானே அழுத்தாமல் திறக்கும் புதிய வண்டிகளில் நிலைமை வேறு. அங்கு வண்டியே 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ் அலையில் சாவியை அழைக்கிறது. அந்த அலையின் நீளம் 2.4 கிலோமீட்டர், அதற்கு மனித உடல் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. அழைப்பு ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டாதபடி அமைத்திருப்பதும் பாதுகாப்புக்காகவே. அந்த எல்லையை நீட்டிக் காட்டியவர்கள் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2011இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், 8 நிறுவனங்களின் 10 கார்களுக்கு வந்த அழைப்பை இடைக்கருவிகளால் தொலைவிலுள்ள சாவிக்குக் கடத்தி, உரிமையாளர் அறியாமலே கதவைத் திறந்து எஞ்சினையும் இயக்க முடிந்தது. அதன் பின்னரே, தொலைவை அலையின் வலிமையால் அல்லாமல் அலை வந்துசேரும் நேரத்தால் அளக்கும் சாவிகளின் மீது தொழில்துறை கவனம் செலுத்தியது.