வெண்கரடித் தலைவரும் குவேக்கர் அதிகாரியும்

வட அமெரிக்காவின் தென் சமவெளிகளில் காட்டெருமை மந்தைகளைப் பின்தொடர்ந்து வாழ்ந்த கயோவா மக்களிடையே 1820ஆம் ஆண்டளவில் பிறந்தவர் சட்டான்ட்டா. ‘வெண்கரடி மனிதர்’ என்பது அப்பெயரின் பொருள். போர்த்தலைவராயிருந்தும், வெள்ளையரிடையே அவர் பெயர் பெற்றது நாவன்மையினாலேயே. 1867 அக்டோபரில் கன்சாஸ் மாநிலத்து மெடிசின் லாட்ஜ் ஓடையருகே நடந்த உடன்படிக்கைக் கூட்டத்தில், ஓரிடத்தில் வீடு கட்டி அடங்கி வாழ விருப்பமில்லை என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். படைவீரர் மரங்களை வெட்டுவதையும் காட்டெருமைகளைக் கொல்வதையும் கண்டித்தார். ஆயினும் உடன்படிக்கையில் அவருடைய குறி இடம்பெற்றது. அடுத்த ஆண்டு டிசம்பரிலோ, சமாதானக் கொடியுடன் வந்த அவரை இராணுவத்தார் பிடித்துவைத்து, தூக்கிலிடுவதாக அச்சுறுத்தினர். பேச்சுவார்த்தையில் அவருக்கிருந்த நம்பிக்கை இதன்பின் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

1869இல் குடியரசுத் தலைவர் கிராண்ட், பூர்வகுடிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் கிறிஸ்தவ சபைகளுக்குப் பங்களித்தார். கயோவா மக்கள் குவேக்கரிடம் ஒப்புவிக்கப்பட்டனர். அயோவா மாநிலத்து விவசாயியான லாரி டேட்டம், ஆயுதமேந்தாத சபையின் பிரதிநிதியாக அங்குச் சென்றார். திருச்சபை வரலாற்று மாணவர் நின்று நோக்கவேண்டிய இடம் இதுவே.

1871 மே 18 அன்று டெக்சாஸில் தானியம் ஏற்றிச் சென்ற வண்டித்தொடர் ஒன்றைக் கயோவா வீரர் தாக்கினர். வண்டியோட்டிகள் எழுவர் மாண்டனர். ஒருவர் வண்டியோடு சங்கிலியால் பிணைத்து எரிக்கப்பட்டார். இக்கொடுமையை மூடிமறைத்து எழுதுதல் சட்டான்ட்டாவுக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. அவரே அதை மறைக்கவில்லை. சில நாட்களுக்குப்பின் உணவுப்பொருள் பெற வந்தபோது, டேட்டம் கேட்டதற்கு, தாமே தலைமை தாங்கியதாக அறிவித்துத் தம் மக்களின் குறைகளையும் எடுத்துரைத்தார். டேட்டம் இராணுவத்தின் உதவியை நாடினார். ஃபோர்ட் சில் கோட்டையில் தளபதி ஷெர்மன் முன்னிலையில் சட்டான்ட்டா, சட்டாங்க், பிக் ட்ரீ ஆகிய மூவரும் கைதாயினர். முதியவரான சட்டாங்க் வழியிலேயே காவலரைத் தாக்கிச் சுடப்பட்டு இறந்தார்.

ஜூலையில் ஜாக்ஸ்பரோ நீதிமன்றத்தில், குடியேறிகளே நடுவர்களாயமர்ந்து, மற்ற இருவருக்கும் மரணதண்டனை விதித்தனர். போர்ச்செயலைக் கொலைக்குற்றமாக விசாரிக்கலாமோ என்ற வினா அன்றே எழுந்தது. டேட்டமோ தூக்குத்தண்டனையை எதிர்த்தார். ஆளுநர் டேவிஸ் அதனை ஆயுள்தண்டனையாகக் குறைத்தார். சமாதானக் கொள்கையாளர் ஒருவர் துப்பாக்கியின் துணையை நாடியதற்காக அவருடைய சபையாரிடமே கண்டனம் எழுந்தது. அவரை எளிதாகக் குறைகூற என் மனம் இடந்தரவில்லை. சட்டான்ட்டாவை விடுவிக்கும் முடிவை ஏற்காது அவர் 1873இல் பதவி துறந்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் விடுதலையான சட்டான்ட்டா, தம் ஈட்டியையும் கேடயத்தையும் பிறரிடம் கொடுத்துத் தலைமையைத் துறந்தார். எனினும் 1874இல் மீண்டும் போர் மூண்டபோது, நிபந்தனையை மீறினார் எனக் கூறி ஹண்ட்ஸ்வில் சிறைக்கே அவரை அனுப்பினர். இனி விடுதலை இல்லை என்றறிந்த அவர், 1878 அக்டோபர் 11 அன்று சிறை மருத்துவமனைச் சாளரத்திலிருந்து குதித்து உயிர்துறந்தார்.

உடன் தண்டிக்கப்பட்ட பிக் ட்ரீ பிற்காலத்தில் ரெய்னி மவுண்டன் பாப்திஸ்து சபையில் டீக்கனாகப் பணியாற்றி 1929இல் காலமானார். மிஷனெரி எழுத்துகள் அவரை மகிழ்வுடன் நினைவுகூரும். மனந்திரும்பியவரின் கதையைச் சொல்வது நமக்கு எளிது. சட்டான்ட்டாவின் எலும்புகள் சிறைக் கல்லறையில் 85 ஆண்டுகள் கிடந்தன. 1963இல் அவருடைய பேரன் ஜேம்ஸ் ஆக்கையா அவற்றை மீட்டு, முன்பு அவர் கைதான அதே ஃபோர்ட் சில்லில் அடக்கம் செய்வித்தார்.