தலைக்கவசத்துக்குள் ஒரு முகம்

1953-ல் அமெரிக்காவின் இ.சி. காமிக்ஸ் நிறுவனம் ‘ஜட்ஜ்மென்ட் டே’ என்ற கதையை வெளியிட்டது. எழுத்து ஆல் ஃபெல்ட்ஸ்டீன். ஓவியம் ஜோ ஒர்லாண்டோ. பூமியிலிருந்து டார்ல்டன் என்ற விண்வெளி வீரர், ரோபோக்கள் வாழும் ஒரு கிரகத்தை ஆய்வு செய்யப் போகிறார். எல்லா ரோபோவுக்கும் உள்ளே ஒரே எந்திரம்தான். மேல்தகடு மட்டும் சிலவற்றுக்கு ஆரஞ்சு, சிலவற்றுக்கு நீலம். ஆனாலும் நீல ரோபோக்களுக்கு பஸ்ஸில் பின்பக்கம்தான் இடம். விண்மீன் குடியரசில் சேர இந்தக் கிரகம் இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டு டார்ல்டன் கிளம்புகிறார்.

கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர்! பள்ளியில் ஓவியம் கற்றுத்தரும் நான், அந்த ஒரு கட்டத்தை மாணவர்களுக்கு அடிக்கடி காட்டுவேன். கருவி விளக்கின் வெளிச்சத்தில் அவர் முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன. அவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

1956-ல் கதையை மறுபதிப்பு செய்தபோது, காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் தலைவர் சார்ல்ஸ் மர்ஃபி, வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். கதையின் உயிரே அந்த முகம்தானே! பிறகு வியர்வைத் துளிகளையாவது எடுக்கச் சொன்னார். பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் மறுத்தார். அதே காலகட்டத்தில்தான் அலபாமாவின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பஸ்களைப் புறக்கணித்துப் போராடினார்கள்.

படம் மாறாமல் வந்தது. அது வெளியான இதழே இ.சி.யின் கடைசி வண்ணக் காமிக்ஸ் இதழ். தொழில் சரிந்த நேரத்திலும் ஒரு முகத்தை விட்டுக்கொடுக்காத அவர்களைத்தான் காமிக்ஸ் வரலாறு முதலில் வணங்க வேண்டும்.