சட்டம் படித்தவரும் சாக்கடையும்

இங்கிலாந்திலே 1830ஆம் ஆண்டு பாரிஸ்டராகப் பதிவுபெற்ற எட்வின் சட்விக், நீதிமன்றத்தில் வாதாடிப் புகழீட்டியவர் அல்லர். ஆயினும் அந்நாட்டின் சுகாதாரச் சட்டத்துக்கு அடிகோலியவர் எனச் சரித்திரம் அவரையே சுட்டுகின்றது. முதிய சட்டஞானி ஜெரமி பெந்தமுக்கு அவருடைய அந்திமக் காலத்தில் எழுத்துத்துணையாக இருந்தவர் சட்விக். பெரும்பாலோர் நலனை அளந்து சட்டமியற்றவேண்டும் என்னும் பெந்தமின் கொள்கை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தை உருவாக்குவதிற் பெரும்பங்கு அவருடையது. உடல்வலியுள்ள வறியோர் உதவி வேண்டின், கடுமையான வேலையில்லங்களுள் புகவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஏழைகள் அவரை வெறுத்தனர், அவ்வெறுப்பு நியாயமானதே. ஆனால், அச்சட்டத்தை நடத்திய ஆணைக்குழுவின் செயலாளராக இருந்தபோதே ஓருண்மை அவருக்குப் புலனாயிற்று. குடும்பத்தலைவன் காய்ச்சலால் மடிய, விதவையும் பிள்ளைகளும் ஊரார் வரிப்பணத்தில் வாழவேண்டியவராகின்றனர். அச்செலவினும் நோயைத் தடுக்கும் செலவு குறைவு. கருணை வழியாக அன்று, கணக்கு வழியாகவே சட்விக் சுகாதாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

1842இல் அவருடைய பேரறிக்கை வெளிவந்தது. ஆணையாளர்கள் அதிற் கையொப்பமிட மறுத்தமையால், அவர் பெயராலேயே அது வெளியாயிற்று. மன்செஸ்ரரில் கனவான் குடும்பத்தார் இறக்கும் சராசரி வயது 38. தொழிலாளர் குடும்பத்தார்க்கோ 17. குழந்தை மரணங்கள் மிக்கிருந்தமையே அவ்வெண் அத்துணை தாழக் காரணம். நாட்டுப்புறமாகிய றட்லண்டிலே தொழிலாளர்க்கும் சராசரி 38. நகரத்துச் சீமானுக்கும் நாட்டுப்புறக் கூலியாளுக்கும் ஒரே கணக்கு!

இவ்வெண்களின் வலிமையை 1848ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திற் காணலாம். வரியிறுப்போருள் பத்திலொருவர் மனுச்செய்தால், ஓரூரிற் சுகாதாரசபை அமைக்கலாம். ஏழாண்டுச் சராசரியில் ஆயிரவருக்கு 23 பேருக்குமேல் இறக்கும் ஊரில், மனு இன்றியே மத்திய சபை தலையிடலாம். மரணக்கணக்கையே அரசின் அதிகாரத்துக்குத் திறவுகோலாக்கியது சட்டம் பயின்ற மூளையின் வேலை.

மத்திய சபையில் சட்விக்கும் ஓரங்கத்தவரானார். ஆனால், மனிதரை இணக்கி நடத்தும் கலை அவருக்கு வாய்க்கவில்லை. பொறியியலாளர், வைத்தியர், தண்ணீர்க் கம்பனியார், ஊர்ச்சபையார் என ஒருவரையும் விடாது பகைத்துக்கொண்டார். துர்நாற்றமே நோயைத் தருவதென உறுதியாக நம்பிய அவர், இலண்டன் சாக்கடைகளைத் தேம்ஸ் நதிக்குள் அலசிவிடும் வேலைக்கு முன்னின்றார். அந்நதிநீரையே நகரத்தார் பலர் பருகிவந்தனர். 1848, 1849ஆம் ஆண்டுகளின் வாந்திபேதியில் அங்கே ஏறத்தாழ 14,000 பேர் மாண்டனர்.

1854இல் பாராளுமன்றம் அச்சபையைப் புதுப்பிக்க மறுத்தது. ஆண்டுக்கு 1,000 பவுண் உபகாரச் சம்பளத்துடன் 54 வயதிற் சட்விக் விலக்கப்பட்டார். பின்னர் அரசாங்கப் பதவியெதுவும் அவரை நாடி வரவில்லை. வடிகாலும் நன்னீரும் உள்ளூர் அதிகாரிகளின் கடமையென வரையறுத்த விரிவான சட்டம் 1875இல், அவர் கண்முன்னே பிறரால் நிறைவேறியது. 'சேர்' பட்டம் 1889இற் கிடைத்தது. மறு ஆண்டே அவர் காலமானார்.