கழிவுநீரில் பாஸ்பரஸை விழுங்கும் பாக்டீரியா: பெங்களூரில் பதிவான கண்டுபிடிப்பு

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி, நச்சு நுரை பொங்கியதாலும் 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியதாலும் நாடு முழுவதும் பேசப்பட்டது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் நீண்டகாலமாக ஏரியில் கலந்ததே இந்நிலைக்கு அடிப்படைக் காரணம். மனிதக் கழிவு, சலவைத்தூள் ஆகியவற்றிலிருந்து வரும் பாஸ்பரஸ், இத்தகைய ஏரிகளில் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. அவை மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் இறக்கின்றன.

இந்தப் பாஸ்பரஸை நுண்ணுயிர்களால் அகற்ற முடியும் என்பதற்கான முதல் தடயம் கிடைத்ததும் இதே நகரத்தில்தான். இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகியோர், காற்றூட்டப்பட்ட கழிவுநீர்ச் சேறு தன் வளர்ச்சித் தேவையை விஞ்சிய அளவில் பாஸ்பரஸை உறிஞ்சுவதை 1959-ஆம் ஆண்டு பதிவு செய்தனர். அதனைப் பெரிய நிலையங்களுக்கான தொழில்நுட்பமாக வளர்த்தவர்களில் முக்கியமானவர், 1970-களில் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் ஜேம்ஸ் பர்னார்ட். காற்றூட்டுவதற்கு முன் சேற்றைக் காற்றில்லாத தொட்டியில் வைக்க வேண்டும் என்பதே அவர் வலியுறுத்திய அம்சம்.

காற்றில்லாத தொட்டியில் 'அக்குமுலிபாக்டர்' போன்ற பாக்டீரியாக்கள், கழிவுநீரிலுள்ள அசிட்டேட் முதலிய எளிய கரிமப் பொருள்களை உட்கொண்டு சேமிக்கின்றன. அதற்கான ஆற்றலுக்காக, உடலில் சேர்த்து வைத்த பாலிபாஸ்பேட்டைச் சிதைத்து பாஸ்பேட்டை வெளியேற்றுகின்றன. இக்கட்டத்தில் நீரில் பாஸ்பரஸ் கூடுகிறது என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த தொட்டியில் ஆக்சிஜன் கிடைத்ததும் சேமித்த உணவை எரித்து, வெளியேற்றியதைவிட அதிகமான பாஸ்பேட்டை மீண்டும் உள்ளிழுத்துக் கொள்கின்றன. அந்நிலையில் உபரிச் சேறு பிரித்தெடுக்கப்படும்போது பாஸ்பரஸும் உடன் வெளியேறுகிறது. படிகாரம், இரும்பு உப்பு போன்ற ரசாயனங்களின் தேவையும் அவற்றால் உருவாகும் கூடுதல் சேறும் இதனால் குறைகின்றன.

எனினும், இம்முறைக்கு ஓயாத கண்காணிப்பு தேவை. காற்றில்லாத தொட்டிக்குள் நைட்ரேட் நுழைந்தால் செயல்பாடு பாதிக்கப்படும். வெப்பநிலை உயர்ந்தால், பாஸ்பரஸைச் சேமிக்காமல் உணவை மட்டும் பறித்துக்கொள்ளும் வேறு பாக்டீரியாக்கள் பெருகக்கூடும்; வெப்பம் மிகுந்த இந்திய நகரங்களுக்கு இது புறக்கணிக்கத்தக்க சிக்கல் அன்று. பிரித்த சேற்றைக் காற்றின்றித் தேக்கி வைத்தாலோ, பிடித்த பாஸ்பரஸ் மீண்டும் நீருக்கே திரும்பிவிடும்.

அவ்வாறு கரையும் பாஸ்பரஸை மக்னீசியம் சேர்த்து 'ஸ்ட்ரூவைட்' எனும் படிகமாக மீட்டு உரமாகப் பயன்படுத்தலாம். பாஸ்பேட் உரத் தேவைக்கு இந்தியா பெருமளவில் இறக்குமதியையே சார்ந்துள்ளது.