கயிறும் ஆணியும் பிசினும்: காசிமேட்டில் படகு செப்பனிடும் தொழில்

கடலுக்குப் போகும் கலம் நீரில் இறங்கிய நாள் முதலே தளரத் தொடங்கிவிடுவதால், மீன்பிடித் தொழிலின் வரலாற்றில் பாதி, செப்பனிடும் தொழிலின் வரலாறாகவே அமைகிறது. வடசென்னையின் காசிமேட்டில் இவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், கலத்தின் உறுப்புகளை எந்தப் பொருள் பிணைத்து வைத்திருந்ததோ அந்தப் பொருளே, அக்கலத்தைச் சீர்செய்யும் திறமை யார் கையில் இருக்கும் என்பதையும் முடிவுசெய்தது புலப்படும். கயிற்றால் கட்டிய காலத்தில் மீனவரே தம் கலத்தைச் செப்பனிட்டார். ஆணி வந்தபோது அவ்வேலை ஆசாரியிடம் சென்றது. கண்ணாடியிழையும் பிசினும் வந்தபின் அதில் ஒரு பங்கு மீனவரிடமே திரும்பியது.

சோழமண்டலக் கரையின் பட்டினவர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய கட்டுமரம், எடை குறைந்த மென்மரத் தண்டுகளைச் செதுக்கி, அணியம் எனப்படும் முன்புறத்திலும் பின்புறத்திலும் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கலமாகும். நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் அம்மரங்களைக் கரை சேர்ந்ததும் அவிழ்த்து மணலில் உலர்த்தி, மறுபடி கடலுக்குப் போகும்போது கட்டுவது வழக்கமாக இருந்ததால், கட்டுமரக்காரருக்குச் செப்பனிடுதல் என்பது அன்றாடத் தொழிலிலிருந்து பிரித்தறிய முடியாத ஒன்றாயிற்று. நைந்த கயிற்றை மாற்றுவதும், அரித்துப்போன ஒரு தண்டை மட்டும் நீக்கி வேறொன்றைப் பொருத்துவதும் கலத்தை ஓட்டுபவரே செய்யக்கூடிய வேலைகள். இக்கலத்தின் எளிமையைப் பின்தங்கிய நிலை என்று கருதிய காலனியப் பார்வை, பழுதைத் தாங்கிக்கொள்ளும் அதன் அமைப்பிலுள்ள நுட்பத்தைப் போதுமான அளவு மதிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மசூலா படகும் இதே அறிவின் வேறொரு வடிவம். துறைமுகம் இல்லாத சென்னையில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை மோதும் கரைக்குக் கொண்டுவந்த இப்படகின் பலகைகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. உட்சட்டம் இல்லாததால் அலையின் அடிக்கு உடையாமல் வளைந்துகொடுக்கும் அப்படகின் தையல் தளரும்போது, அதைப் பிரித்து மறுபடி தைத்தாலே போதும். 1861இல் கட்டப்பட்ட இரும்புக் கடற்பாலமும், 1875இல் தொடங்கி 1881ஆம் ஆண்டுப் புயலில் பெருஞ்சேதம் அடைந்து மீண்டும் எழுப்பப்பட்ட துறைமுகமும் அப்படகுகளின் தேவையைக் குறைத்துவிட்டன.

1950களில் நிலைமை அடியோடு மாறியது. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் படகு வடிவமைப்பாளர்கள் உதவியுடன் சென்னை மாநிலத்தில் அறிமுகமான சிறு விசைப்படகுகளும், அவற்றைத் தொடர்ந்து வந்த இழுவைப் படகுகளும் உட்சட்டத்தில் பலகைகளை ஆணியால் அறைந்து கட்டப்பட்டவை. இரு பலகைகளுக்கு இடைப்பட்ட சந்தில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, எண்ணெயில் குழைத்த குங்கிலியத்தைப் பூசி நீர்க்கசிவை அடைக்கும் கலப்பத்து வேலைக்கு நீண்ட பயிற்சி வேண்டும்; அடி சற்று மிகுந்தால் பலகை பிளக்கும், குறைந்தால் திரி கழன்றுவிடும். மரத்தைத் துளைத்து வாழும் கப்பல் புழுவுக்கு அஞ்சிப் படகின் அடிப்புறத்தில் உலோகத் தகடு போர்த்தும் வழக்கமும் பரவியது. மீனவர் தம் கலத்திலேயே வாடிக்கையாளர் ஆனதும், ஆசாரிக்காகவும் மெக்கானிக்குக்காகவும் காத்திருக்க நேர்ந்ததும் இக்காலத்தில்தான்.

ஆயினும் படகின் ஒரு பகுதி மட்டும் தொழிலாளர் கையை விட்டு நீங்கவில்லை. காலையில் சென்று மாலையில் திரும்பிய விசைப்படகுகள் பின்னாளில் பல நாள் கடலிலேயே தங்கத் தொடங்கியதும், லாஞ்சு என்று காசிமேட்டில் அழைக்கப்படும் அப்படகுகள் தொழிலிடமாக மட்டுமன்றி வீடாகவும் ஆயின. சுக்கான் பிடிக்கும் கேபினுக்குள்ளேயே படுக்கைப் பலகையும் சாமான் தட்டும் அமைய, அடுப்புக்கும் எங்கேனும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. வேனையே வீடாக்கிக்கொண்டு பயணம் செய்யும் மேலைநாட்டார் தம் வண்டிக்குள் இருக்கும் கட்டிலிலும் அலமாரியிலும் எதிர்கொள்ளும் சிக்கல்களே இங்கும் எழுகின்றன: இடம் குறைவு, ஓயாத அதிர்வு, பக்கவாட்டு ஆட்டம், ஈரம். கடற்படகில் இவற்றோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. என்ஜின் அதிர்வில் திருகாணி தானாகவே கழன்றுவருகிறது. இரும்பு ஆணி துருவேறிப் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையே பிளக்கிறது. சாதாரண ப்ளைவுட்டின் அடுக்குகள் ஈரத்தில் பிரிந்து உப்பிவிடுகின்றன. கரை பல மணி நேரத் தொலைவில் இருக்கையில் பெயர்ந்த பலகைக்கு ஆசாரியைத் தேட இயலாது. அப்போது கைக்கு எட்டுவது கயிறுதான். ஆணி தளர்ந்த இடத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி முடிந்தால், அக்கட்டு அதிர்வுக்கு இசைந்து கொடுத்துத் தாங்குகிறது, துருவும் ஏறுவதில்லை. சாமான் தட்டின் ஓரத்தில் ரீப்பர் எனப்படும் மெல்லிய மரச்சட்டத்தை அறைந்து பாத்திரங்கள் உருளாமல் தடுப்பதும், அடுப்பைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவதும், துறைமுக வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கும் சரக்குப்பெட்டிப் பலகையைப் படுக்கைக்கு ஒட்டுப்போடுவதும் இவ்வகை வேலைகளே. கட்டுமரத்தைக் கட்டிய முடிச்சறிவு, விசைப்படகின் கேபினுக்குள் இவ்வாறு உயிரோடு இருப்பதை இவ்வரலாற்றின் மிக முக்கியமான செய்தியாகக் கொள்ளலாம்.

மூன்றாவது கட்டம், பைபர் எனப்படும் கண்ணாடியிழைப் படகு. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் கரையில் ஏற்றக்கூடிய புதுக் கலங்களைச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கட்டுமரங்களையும் படகுகளையும் உடைத்தெறிந்தபின், நிவாரணமாக வந்த பைபர் படகுகள் கரையெங்கும் நிறைந்தன. பைபரில் விரிசல் விழுந்தால், அவ்விடத்தை நன்னீரால் கழுவி உப்பைப் போக்கி, நன்கு உலர்த்தி, விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, மேட் எனப்படும் கண்ணாடியிழை விரிப்பை ரெசின் என்ற பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ரெசினை இறுகச் செய்யும் மருந்தின் அளவைக் கணிப்பதே இதில் நுட்பம். மிகுந்தால் பூசுமுன் கெட்டியாகும், குறைந்தால் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஈரம் சிறிது இருந்தாலும் ஒட்டு நிலைக்காமல் உரிந்துவிடும். கலப்பத்தைப் போல நெடுநாள் பயிற்சி வேண்டாத இவ்வேலையைப் படகுக்காரர் பலர் தாமே கற்றுக்கொண்டனர். ஆனால் தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூள் தோலையும் மூச்சையும் உறுத்துவதை அவர்கள் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முகமூடியும் கையுறையும் அவர்களுக்கு எளிதில் கிடைக்கச் செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

இன்று விசைப்படகுகளின் பெரிய வேலைகளுக்குக் காலம் வகுத்துத் தருவது மீன்பிடித் தடை. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாட்களாக நீண்டது. கடலுக்குப் போக முடியாத அந்நாட்களில் படகுகள் கரையேற்றப்பட, ஆசாரி, மெக்கானிக், வெல்டர், பெயின்டர் ஆகிய அனைவருக்கும் ஒரே நேரத்தில் வேலை குவிகிறது. மரத்துக்குப் பதிலாக இரும்புத் தகட்டில் படகு கட்டும் போக்கு வளர வளர வெல்டரின் பங்கு பெருகுகிறது. கேபினுக்குள் கழன்ற பலகையையும் தட்டையும் கட்டி நிறுத்தும் வேலை மட்டும் இன்னமும் அப்படகில் படுத்துறங்குவோரிடமே இருக்கிறது.